பில் கட்ட வருபவளுக்குக் கோட்டைச் சுவர் எதற்கு?



எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார், ஒரு கறவை மாடு, அரை ஏக்கர் சின்ன வெங்காயம்... இதுதான் என் உலகம். சமையல் குறிப்பும் கைமருந்தும் வரும் பக்கத்தில் இவள் எதற்கு இணையதளத்தைப் பற்றி எழுத வந்தாள் என்று நினைக்காதீர்கள். கரண்ட் பில், கேஸ், வீட்டு வரி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் என்று எல்லாமே இப்போது போனுக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்துச் செய்து முடிப்பது யார்? வீட்டில் இருக்கும் நாம்தானே? அப்படியானால் இதுவும் அடுப்படி விஷயம்தான்.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

2024-ம் ஆண்டு ஐப்பசி மாதம். இரண்டு வீடு தள்ளி இருக்கும் என் ஓரகத்தி, இரவு எட்டு மணிக்கு அழுதுகொண்டே ஓடி வந்தார். அவருடைய கணவர் சவுதியில் கொத்தனார் வேலை பார்க்கிறார். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவருடைய போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ். "போன மாத பில் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணில் அதிகாரியைக் கூப்பிடவும்" என்று மகன் படித்துச் சொல்லியிருக்கிறான். அக்கா பதறிப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவன் ரொம்ப மரியாதையாகப் பேசினானாம்.

"நீங்க கட்டுனது இங்க அப்டேட் ஆகலைம்மா. ஒரு ஆப் அனுப்புறேன், ஏத்திக்கங்க. பத்தே பத்து ரூபா மட்டும் கட்டுங்க, சரியாயிடும்."

பத்து ரூபாய் கட்டினார். கால் மணி நேரத்தில் கணக்கிலிருந்து 23,400 ரூபாய் போய்விட்டது. மகளை நர்சிங்கில் சேர்க்க வைத்திருந்த பணம்!

உள்ளதைச் சொல்கிறேன், நானும் அன்றைக்கு அவரைத்தான் கடிந்துகொண்டேன். "ஏங்க்கா, நாலு நாள் முன்னாடிதான பில்லு கட்டுனீங்க? கட்டுன பில்லுக்கு எதுக்கு ஒருத்தன் கேக்குறான்னு யோசிக்க வேண்டாமா?" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் என் வாயை அடைத்துவிட்டது.

"கட்டுனேன்தான். ஆனா அது ஏறுச்சா ஏறலையான்னு எனக்கு எப்படிடீ தெரியும்? என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

விசாரித்துப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. மூன்று வருஷமாக அக்கா ஒரு கணிப்பொறி மையத்தில் கார்டையும் பணத்தையும் கொடுத்துத்தான் பில் கட்டி வருகிறார். மேல் கூலி முப்பது ரூபாய். அங்கே இருக்கும் பையன் தட்டித் தட்டி ஏதோ செய்துவிட்டு, "ஆச்சுக்கா, போங்க" என்பான். ஒரு நாள் ரசீது வரும், ஒரு நாள் "பிரிண்டர் ரிப்பேரு" என்பான். பிறகு பிரிவு அலுவலகத்தில் கேட்டபோது, அக்காவின் இணைப்பில் பதிவாகியிருந்த கைபேசி எண் அவருடையதே இல்லை என்று தெரிந்தது. எண் கேட்கும் கட்டத்தில் யாரோ ஒருவர் கைக்கு வந்த எண்ணைப் போட்டிருக்கிறார். ஆகவே, பில் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், பணம் வந்து சேர்ந்ததா என்ற மெசேஜ் எல்லாம் இத்தனை நாளும் வேறு யாருக்கோ போயிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! அவருக்கு உண்மையான மெசேஜ் ஒன்றுகூட வந்ததே இல்லை. மின்சாரத்தைப் பற்றி அவருடைய போனுக்கு முதன்முதலாக வந்த மெசேஜே திருடனுடையதுதான்! நல்ல காசையே பார்க்காதவளுக்குக் கள்ளக் காசு எப்படி அடையாளம் தெரியும்?

இந்த 9.30 மணி மெசேஜ் புதிய தந்திரம் இல்லை. 2022-லேயே தமிழ்நாடு முழுக்க இது பரவி, மின் வாரியமும் காவல்துறையும் எச்சரிக்கை விட்டன. "ஏமாறாதீர்கள், விழிப்பாக இருங்கள்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சரி, இருக்கிறோம். ஆனால் நம்மை விழிப்பாக இருக்கச் சொல்கிறவர்கள், நாம் தனியாக, யார் துணையும் இல்லாமல் உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி தளத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்களா? இதுதான் என் கேள்வி.

தளம் கடினமாக இருந்தால் என்ன ஆகிறது? நாம் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம். அவர் "போனைக் குடுங்க" என்கிறார், கொடுக்கிறோம். "ஓ.டி.பி. வந்துச்சா, சொல்லுங்க" என்கிறார், சொல்கிறோம். "இதை அமுக்குங்க" என்கிறார், அமுக்குகிறோம். உதவி செய்கிறவர் நல்லவராக இருக்கும்வரை ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மாதா மாதம் இப்படியே பழகிவிட்ட கை, ஒரு நாள் திருடன் அதே வார்த்தைகளைச் சொல்லும்போதும் அப்படியே அமுக்குகிறது. நம்மை இதற்குப் பழக்கி வைத்தது அந்தக் கடினமான தளம்தான். இது என் ஓரகத்தியின் முட்டாள்தனம் மட்டும் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக மின் வாரியத்தின் மீது எல்லாப் பழியையும் போட நான் வரவில்லை. நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கடவுச்சொல், பதிவு எதுவும் இல்லாமல் நேராகப் பணம் கட்ட 'குவிக் பே' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இத்தனை யூனிட் ஓடினால் இவ்வளவு பணம் என்று போட்டுப் பார்க்கும் கணக்குப் பெட்டியும் உண்டு. இதை நான் ரொம்பப் பயன்படுத்துகிறேன். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், அதில் முதல் 100 யூனிட் 2016-லிருந்து இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட்டுக்காக மட்டும் கூடுதல் பணம் வராது, நடுவில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலைப் படி மாறிவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கணக்குப் பெட்டியில் 500 என்று ஒரு முறையும் 501 என்று ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம் கோடையில் மோட்டாரை நிறுத்த மறக்கவே மாட்டீர்கள்!

புகார் சொல்ல 2021 ஜூன் மாதம் தொடங்கிய மின்னகம் இருக்கிறது. 94987 94987 என்ற ஒரே எண், இரவு பகல் எந்நேரமும். எண்ணைப் பாருங்கள், ஐந்து இலக்கம் தெரிந்தால் போதும், அதையே இரண்டு தடவை சொன்னால் முழு எண்ணும் வந்துவிடும். எங்கள் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். இதை யோசித்தவர் யாரோ, அவர் வீட்டில் ஒரு பாட்டி இருந்திருக்க வேண்டும். அந்த யோசனை தளத்திலும் வந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் பெயர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 ஜூலை முதல் தேதி தமிழ்நாடு மின்சார வாரியம் உண்டானது. 2010 நவம்பரில் அதைப் பிரித்து உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் டான்ஜெட்கோ என்று ஒரு நிறுவனம் வந்தது. 2024-ல் அதையும் பிரித்து, நம் வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆனது. நிர்வாகத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் நமக்கு அன்றும் இன்றும் அது 'ஈ.பி.' தான். நிறுவனத்தின் தளம் டி.என்.பி.டி.சி.எல். என்ற பெயரில். ஆண்டாண்டாகப் பணம் கட்டிவந்த பக்கம் டி.என்.இ.பி.நெட் என்ற பெயரில். ஆதார் எண்ணை இணைத்த பக்கமோ டி.என்.இ.பி. லிமிடெட் என்ற பெயரில். மூன்றும் அசல்தான். ஆனால் அசலே மூன்று பெயரில் வந்தால், நாலாவதாக ஒரு போலி வந்து நிற்கும்போது அது போலி என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? பலசரக்குக் கடைக்காரர் மாதம் ஒரு பெயர்ப் பலகை மாட்டினால் நாம் அந்தக் கடையில் கடன் சொல்லி வாங்குவோமா?

ஆதார் இணைத்த கதை உங்களுக்கும் நினைவிருக்கும். 2022 நவம்பரில் தொடங்கினார்கள். இரண்டரைக் கோடிக்கும் மேலான இணைப்புகள். வீட்டில் இருந்தபடியே இணையத்தில் செய்யலாம் என்றும் சொன்னார்கள். ஆனாலும் அலுவலகங்களில் முகாம் போட வேண்டி வந்தது, கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி 28 வரை கொண்டு போக வேண்டி வந்தது. நானும் வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் நின்றவர்களில் முக்கால்வாசி பெண்கள்தான். பலர் கையில் நல்ல போன் இருந்தது. அந்தப் போனில் மகளின் பள்ளிக்கூட வாட்ஸப்பையும் சீரியலையும் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா கேட்டது மூன்றே விஷயம். கார்டு நம்பர், ஆதார் நம்பர், போன் நம்பர். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரு மனுஷி மூன்று கேள்வியில் முடித்துக் கொடுக்கிற வேலையைத் தளமும் மூன்று கேள்வியில் முடித்துக் கொடுத்தால் வரிசையே வேண்டாமே!

இது ஈ.பி.க்கு மட்டும் சொல்கிற பேச்சு இல்லை. நான் பயன்படுத்திய பொதுச் சேவைத் தளங்கள் ஏழெட்டு இருக்கும். எந்தத் தளத்தில் எந்தக் குறை என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும். குறைகளை மட்டும் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு தளத்தில் நான்கு பக்கம் நிரப்பி முடித்து, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் "நேரம் முடிந்தது" என்று ஆங்கிலத்தில் போட்டு, முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. எழுதியது அத்தனையும் போச்சு. இந்தத் தளத்தைக் கட்டியவர் வீட்டில் பால் பொங்காதா, பிள்ளை அழாதா?

இன்னொன்றில், நாம் மனிதர்தான் என்று நிரூபிக்க, கோணல்மாணலாக ஆறு எழுத்து வரும். அது பூஜ்யமா, 'ஓ'வா? ஒன்றா, 'எல்'லா? என் மாமியார் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டு, "நான் மனுஷி இல்லைன்னே வச்சுக்கச் சொல்லுடி" என்றார். சிரித்தோம். ஆனால் வேலை நடக்கவில்லை.

வேறொன்றில் பணம் கட்டும்போது சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. வங்கியிலிருந்து 1,140 ரூபாய் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது. தளத்தில் மட்டும் ரசீதும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. திரும்பக் கட்டலாமா, காத்திருக்கலாமா? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இரண்டாம் தடவையும் கட்டிவிட்டு அப்புறம் அலைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று தமிழில் இருந்தது. ஆசையாகத் திறந்தேன். "தங்கள் பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது" என்றது. அப்படியென்றால் பணம் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? 'பணம் இன்னும் வந்து சேரவில்லை, நாளை காலை மறுபடி பாருங்கள், மீண்டும் கட்ட வேண்டாம்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? தமிழ் எழுத்தில் இருப்பது வேறு, நமக்குப் புரிகிற தமிழில் இருப்பது வேறு.

"இப்பதான் எல்லாரும் பணம் அனுப்புற ஆப்லயே பில் கட்டிடுறாங்களே, தளம் யாருக்கு வேணும்?" என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் கட்டுகிறேன். ஆனால் அங்கேயும் இணைப்பு எண்ணைச் சரியாகப் போடத் தெரிய வேண்டும். ஒரு எண் மாறினால் ஊரில் எவர் வீட்டு பில்லையோ நாம் கட்டிவிடுவோம். அது போக, மாமனார் பெயரில் உள்ள இணைப்பை மாற்றுவது, பில்லில் சந்தேகம் வந்தால் பழைய கணக்கைப் பார்ப்பது, புதிய இணைப்புக்கு விண்ணப்பம் போடுவது ஆகியவற்றுக்குத் தளத்துக்குத்தான் வர வேண்டும். "அப்போ ஆபீசுக்கே நேர்ல போக வேண்டியதுதான" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. களை எடுக்கிற கூலியை விட்டு, பஸ் ஏறி, உணவு இடைவேளையில் மாட்டிக்கொண்டு திரும்பி வரும் பெண்ணுக்கு ஒரு பில் என்பது ஒரு நாள் சம்பளம்.

பாதுகாப்புக்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு என்றும் சொல்வார்கள். எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரம்பலூர் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் போகும்போது ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படாமல் போகாது. அகழி, சுவருக்குள் சுவர், மேடு மேல் மேடு என்று கட்டியிருக்கிறார்கள். 1751-ல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இந்தப் பக்கம் சண்டையே நடந்தது. எதிரி உள்ளே வரக் கூடாது என்று கட்டிய சுவர், அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் இங்கே என்ன நடக்கிறது? திருடன் தளத்தின் வாசலுக்கு வரவே இல்லை. அவன் நேராக நம் போனுக்கு வந்துவிட்டான். சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது பணம் கட்ட வந்த நாம்தான்! திருடனைத் தடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பப் பெண்ணைத் தடுக்க வேண்டாமே.

என் அண்ணன் மகள் திருச்சியில் கணிப்பொறி படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது இதையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். "அத்தை, நீங்க சொல்றதுதான் எங்க பாடத்துலயே இருக்கு" என்று சிரித்தாள். இங்கிலாந்தில் அரசாங்கத்தின் பல தளங்களைச் சேர்த்து 2012-ல் ஒரே முகவரியின் கீழ் கொண்டுவரத் தொடங்கினார்களாம். அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் முதலாவதே, பயன்படுத்துகிறவரின் தேவையிலிருந்து தொடங்கு என்பதுதானாம். நம் நாட்டிலும் அரசுத் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2009-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு, 2023-ல் அதன் மூன்றாவது பதிப்பையும் கொண்டுவந்திருக்கிறது என்றாள். ஆக, விதி இல்லாமல் இல்லை.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ம் ஆண்டில் எழுதினாராம், ஒரு தளத்தைச் சோதிக்க ஆயிரம் பேர் வேண்டாம், ஐந்து பேரை உட்காரவைத்து வேலையைக் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருந்து பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று. எனக்கு உடனே பெண் பார்க்கப் போவதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் ஒரு நடை போய்வந்தால் குடும்ப லட்சணம் தெரிந்துவிடாதா?

ஐந்து பேர்தானே? பெரிய செலவு இல்லை. எங்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, மகளிர் குழுத் தலைவி ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு மாமியார், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பத்தாவது படித்த என்னைப் போல் ஒருத்தி. ஒரு பழைய போனைக் கையில் கொடுத்து, "இந்தாம்மா, இந்த பில்லைக் கட்டு" என்று சொல்லிவிட்டு, சம்பந்தப்பட்ட அதிகாரி பக்கத்தில் அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்காரட்டும். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே "இது என்னாங்க?" என்று நிமிர்ந்து பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பைவிடப் பெரிய அறிக்கை வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், நான் ஒரு தளத்தைப் பார்த்து மார்க் போடுவது இப்படித்தான். நம் அஞ்சறைப் பெட்டியில் அடிக்கடி எடுக்கும் கடுகும் சீரகமும் கைக்கு முன்னால் இருக்கும். எப்போதாவது எடுக்கும் பட்டை, சோம்பு தனி டப்பாவில் மேல் தட்டில் இருக்கும். அதுபோல, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எதற்காக வருகிறார்களோ அந்த வேலை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறதா? டெண்டர் அறிவிப்பும் திறப்பு விழாப் படமும் மேல் தட்டுக்குப் போகட்டும். அடுத்து, எந்த எண்ணைக் கேட்கிறார்களோ, அது நம் அட்டையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்களா? தப்பாகப் போட்டால் "தவறு" என்று சிவப்பில் மிரட்டாமல், எது தவறு, எப்படித் திருத்துவது என்று சொல்கிறதா? பணம் கட்டும் முன்பு பெயரைக் காட்டி, இவர் வீட்டு பில்தானே என்று கேட்கிறதா? கட்டிய பிறகு, வந்து சேர்ந்தது என்று நம் பேச்சில் ஒரு வரி சொல்லி, ரசீதை நம் போனுக்கே அனுப்புகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவான கைபேசி எண் நம்முடையதுதானா என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறதா? கடைசிக் கேள்வி ஒன்று இருந்திருந்தால் என் ஓரகத்தி பிழைத்திருப்பார்.

தளம் மாறும்போது மாறட்டும். அதுவரை நாம் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக, உங்கள் மின் இணைப்பில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். கணவர் வெளியூரில் இருந்தால், வீட்டில் இருக்கும் உங்கள் எண்ணைக் கொடுங்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் இருக்கிறது. அந்தத் தேதியை ரீடிங் எடுக்க வருபவர் குறிக்கும்போதே நாட்காட்டியில் சுழித்து வையுங்கள். ராத்திரி 9.30-க்குக் கரண்ட்டைப் பிடுங்குவோம் என்று எவர் மெசேஜ் அனுப்பினாலும் அதில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மின்னகத்தைக் கூப்பிடுங்கள். எவர் சொன்னாலும் புது ஆப் ஏற்றாதீர்கள்.

யு.பி.ஐ.யில் ஒரு நிறுவனத்துக்குக் கட்டி, பணம் போயும் அவர்களுக்குச் சேரவில்லை என்றால் பதறி இரண்டாம் தடவை கட்ட வேண்டாம். ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நாமே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், சொல்லும்வரை ஆன நஷ்டம் நம் தலையில், சொன்ன பிறகு ஆகும் நஷ்டம் வங்கியின் தலையில் என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதி. நாங்கள் மறுநாள் காலையில்தான் சொன்னோம். 6,000 ரூபாயை நிறுத்தி வைக்க முடிந்தது, மீதி போனது போனதுதான். அன்றிரவு அவரைத் திட்டியதில் போன நேரத்தில் போன் செய்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு மனசு உறுத்துகிறது.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏமாந்து வந்தவளை "கூறு கெட்டவளே" என்று யாரும் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பாதிப் பெண்கள் வெளியே சொல்வதில்லை.

இப்போது என் ஓரகத்தி தானாகவே பில் கட்டுகிறார். முதல் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஆனால் போனைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ரசீது அவருடைய போனுக்கே வந்து 'டிங்' என்றது. "அடியே, இது எனக்கு வந்ததுடீ!" என்று சின்னப் பிள்ளைபோல் காட்டினார். அந்த முக்கால் மணி நேரத்தை ஐந்து நிமிஷமாக்குவது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. எங்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தால் போதும். மோர் கொடுத்தால்கூடப் போதும், நாங்கள் வரத் தயார்!

சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா? என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் வீட்டில் பில் கட்டுவது யார், எப்படி, அதில் என்ன பாடு என்று நீங்களும் எழுதுங்களேன்.

– ஒரு இல்லத்தரசி,
ரஞ்சன்குடி, பெரம்பலூர் மாவட்டம்.